சுழலும் தீயும் திறந்த ஷட்டரும்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள தெருக்களில் நடந்தால் மூன்று விதமான தீயைப் பார்க்கலாம். வாசல்படியிலும் மாடிச் சுவரிலும் வரிசை வரிசையாக அகல் விளக்கு. கோயிலுக்கு முன்னால் பனையோலை சுற்றிக் கட்டிய சொக்கப்பனை. பெருங்களத்தூர், முடிச்சூர், மாடம்பாக்கம் பக்கம் இன்னும் வீடு எழும்பாத காலி மனையோ ஏரிக்கரையோ இருந்து, செய்யத் தெரிந்த ஒருவரும் இருந்துவிட்டால், கயிற்றில் கட்டிச் சுழற்றிப் பொறி பறக்கவிடும் மாவளி.

மூன்றும் தீதான். ஆனால் கேமராவுக்கு மூன்றும் வேறு வேறு கணக்கு. அகல் நிற்கும் தீ, சொக்கப்பனை துடிக்கும் தீ, மாவளி ஓடும் தீ. அகலை யார் எடுத்தாலும் ஓரளவு நன்றாகவே வந்துவிடும். மாவளியை எடுக்கும்போதுதான் பலருக்கும் படம் கெட்டுப்போகிறது. ஒன்று, வளையம் முழுவதும் வெளுத்துப் போகும். அல்லது பொறிகள் மங்கலாக வரும். மங்கலாக வந்ததைப் பார்த்து ஷட்டரை இன்னும் அதிக நேரம் திறந்து வைப்பார்கள். அப்போது பின்னால் இருக்கும் வீடும் வானமும் பளிச்சென்று ஆகும், பொறிகள் மட்டும் அதே மங்கலில் நிற்கும்.

ஏன் அப்படி? ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடினால் படத்தில் எல்லாமே பிரகாசமாகும் என்று நினைக்கிறோம். நிற்கும் பொருளுக்கு அது சரி. ஓடும் பொறிக்கு அது பொருந்தாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இரவில் தீயைப் படமெடுக்கும் கலையில் பாதி கைக்கு வந்துவிடும். கூடவே வட்ட இயக்கம், வெப்பக் கதிர்வீச்சு, கண்ணின் இயல்பு என்று இயற்பியலின் மூன்று பாடங்களும் வந்து சேரும்.

பனம்பூக் கரியின் குணம்

முதலில் மாவளியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஆண் பனையின் காய்ந்த பூங்கொத்துகளைச் சேர்த்துக் குழியில் இட்டுக் கொளுத்துவார்கள். முழுதும் சாம்பலாகும் முன்பே மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். காற்று கிடைக்காமல் வெந்த பூ கரியாகும். அதை நன்றாகப் பொடித்து, பழைய பருத்தித் துணியில் கொட்டி, இறுகச் சுருட்டி, கயிற்றால் கட்டினால் ஒரு கெட்டியான பொதி. அதைப் பிளந்த பச்சைப் பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, மறுமுனையில் நீளமான கயிறு. பொதியின் நுனியில் கங்கு வைத்து ஊதி, மெல்ல ஆட்டி, கங்கு பிடித்ததும் சுழற்றத் தொடங்கினால் பொறி பறக்கும்.

இதில் பச்சை மட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஈரம் இருப்பதால் அது சட்டென்று தீப்பிடிக்காது, பொதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பனம்பூக் கரிக்கும் ஒரு வேலை. நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த கரி அது. எளிதில் ஆவியாகும் பொருட்கள் ஏற்கெனவே குழியிலேயே வெளியேறிவிட்டன. அதனால் அது சுடர்விட்டு எரியாது, கனன்று எரியும்.

சுடர் வேறு, கனல் வேறு. அகல் விளக்கைச் சுழற்றினால் அணைந்துவிடும். அதில் எரிவது எண்ணெயின் ஆவி, வேகமான காற்று அந்த ஆவியைத் திரியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். கரியில் எரிவது திடப்பொருளின் மேற்பரப்பு. ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறதோ அவ்வளவு வேகமாக அது எரியும். அதனால்தான் மாவளி, சுற்றச் சுற்ற ஒளிர்கிறது.

எவ்வளவு வேகம் என்று கணக்கிடலாம். கங்கு கையிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, விநாடிக்கு 2 சுற்று சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றின் நீளம் 6.28 மீட்டர். ஆக வேகம் விநாடிக்கு சுமார் 12.6 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். கங்குக்கு அது 45 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று. கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையை இங்கே சுழற்சியே செய்துவிடுகிறது.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. வட்டத்தில் ஓடும் பொருளைத் தன் பாதையில் வளைத்து வைக்க மையம் நோக்கிய முடுக்கம் தேவை. இந்த வேகத்தில் அது விநாடிக்கு விநாடி 158 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 16 மடங்கு. கங்கின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கரித்துகளையும் அதன் எடையைப் போல 16 மடங்கு விசையால் பிடித்து வைத்தாக வேண்டும். எரிந்து பிடிப்பு தளர்ந்த துகளால் அது முடியாது. அது கழன்று ஓடுகிறது. நாம் பொறி என்று பார்ப்பது அதைத்தான்.

ஒரு பிக்ஸலின் பார்வையில்

இப்போது கேமராவுக்குள் போவோம். முழு அளவுச் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். அதில் குறுக்கே 6,000 பிக்ஸல்கள் என்றால் ஒரு பிக்ஸலின் அகலம் 0.006 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, மாவளி சுற்றுபவரிடமிருந்து 8 மீட்டர் தள்ளி டிரைபாடை நிறுத்துகிறோம். அந்தத் தூரத்தில் 1 மீட்டர் நீளமுள்ள பொருள் சென்சாரில் 3 மில்லிமீட்டராக விழும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பொறியின் பிம்பம், சென்சாரின் மேல் விநாடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும். 0.006 மில்லிமீட்டர் அகலமுள்ள பிக்ஸலைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 5,000-இல் ஒரு பங்கு.

ஷட்டர் 15 விநாடி திறந்திருக்கலாம். ஆனால் அந்தப் பொறியின் வெளிச்சம் அந்தப் பிக்ஸலில் விழுவது 5,000-இல் ஒரு விநாடிதான். பின்னால் இருக்கும் வீட்டுச் சுவரோ 15 விநாடியும் தன் பிக்ஸல்களில் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 75,000 மடங்கு வித்தியாசம்.

மொட்டை மாடியில் வரிசையாக வைத்த பூந்தொட்டிகளுக்கு, குழாயைப் பிடித்தபடி நிற்காமல் நடந்துகொண்டே தண்ணீர் விடுபவரை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் அவர் கடக்கும் அந்த நொடியில் விழும் தண்ணீர்தான். அவர் போன பிறகு நாம் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றாலும் தொட்டியில் ஒரு சொட்டு கூடாது. தண்ணீர் கூட வேண்டுமானால் குழாயை அதிகம் திறக்க வேண்டும், அல்லது அவர் மெதுவாக நடக்க வேண்டும்.

பொறியின் விஷயமும் இதுவேதான். அதன் கோடு எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதை லென்ஸின் திறப்பான அபர்ச்சரும் சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வும் தீர்மானிக்கின்றன. ஷட்டர் நேரம் தீர்மானிப்பது இரண்டை: எத்தனை கோடுகள் விழும், பின்னணி எவ்வளவு தெரியும். 8 விநாடியை 16 விநாடியாக்கினால் கோடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிக்கும், பின்னணி வெளிச்சமும் இரட்டிக்கும். தனித்த ஒரு கோட்டின் பிரகாசம் மட்டும் மாறாது.

ஆக வேலை செய்யும் முறை தெளிவாகிறது. முதலில் பொறியைப் பார்த்து அபர்ச்சரையும் ஐ.எஸ்.ஓ.வையும் முடிவு செய்ய வேண்டும். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200 என்று தொடங்கலாம். கோடு வெளுத்தால் எஃப் 8, மங்கினால் எஃப் 4. கோடு சரியானதும் அந்த இரண்டையும் தொடாமல் ஷட்டர் நேரத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் பின்னணியைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரே ஒரு நுணுக்கம் உண்டு. கங்கின் வளையம் பொறியைப் போன்றது அல்ல. கங்கு 3 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதன் பிம்பம் சென்சாரில் 15 பிக்ஸல் அகலத்துக்கு விழும். அதனால் ஒவ்வொரு பிக்ஸலிலும் பொறியைவிடப் பல மடங்கு நேரம் தங்கும். அதோடு 15 விநாடியில் அது 30 முறை அதே பாதையில் வரும். வளையம் வெளுத்துப் பொறிகள் மட்டும் அழகாக வரும் படங்களுக்கு இதுதான் காரணம். சுற்றுபவர் சுற்றிக்கொண்டே மெல்லத் தன் உடலைத் திருப்பினால் வளையம் பல பாதைகளில் பரவி, ஒரு நெருப்புக் கோளமாகப் படத்தில் விழும்.

தீ ஏன் வெளுக்கிறது

கண்ணுக்குச் செம்மஞ்சளாகத் தெரிந்த தீ படத்தில் மஞ்சளாகவும் வெள்ளையாகவும் வருவது ஏன்? கனலும் கரி சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் அது உமிழும் ஆற்றலின் உச்சம் 2.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கும். நாம் காண்பது அந்தப் பெரிய மலையின் ஓர் ஓரச் சரிவை மட்டும். அந்தச் சரிவில் சிவப்பு மிக அதிகம், பச்சை குறைவு, நீலம் மிக மிகக் குறைவு.

கேமராவின் பிக்ஸல்களுக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. வெளிச்சம் மிகும்போது சிவப்புப் பிக்ஸல் முதலில் நிரம்பிவிடும். அதற்கு மேல் அதால் எண்ண முடியாது. பச்சை தொடர்ந்து ஏறும். சிவப்பும் பச்சையும் சமமானால் மஞ்சள். பிறகு நீலமும் நிரம்பினால் வெள்ளை. ஆகவே படத்தில் வெள்ளையாகிவிட்ட தீ தன் நிறத் தகவலை இழந்துவிட்டது. எந்த மென்பொருளாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கேமராவின் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வரைகோட்டைத் தனியாகப் பார்த்து, அது வலப்பக்கச் சுவரில் முட்டாமல் எடுப்பதே ஒரே வழி.

வெண்சமநிலையைத் தானியங்கியில் விடக் கூடாது. தீயின் சிவப்பை ஒரு குறையென்று நினைத்து கேமரா அதை நீலத்தால் சமன்செய்யப் பார்க்கும். பகல் வெளிச்ச அமைப்பில், அதாவது 5,500 கெல்வின் அளவில் நிறுத்தினால் தீ தீயாகவே இருக்கும். சில மொபைல் கேமராக்களில் கனல் ஊதா கலந்து தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். சென்சாருக்கு முன்னால் இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி வலுவில்லாமல் இருந்தால், அந்தக் கண்காணா ஒளி உள்ளே கசிந்து அப்படித் தெரியும்.

கோட்டைப் படிப்பது

நன்றாக வந்த மாவளிப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பொறிகள் வட்டத்தின் மையத்திலிருந்து சூரியக் கதிர்போல வெளியே கிளம்புவதாகத்தான் நம் நினைவில் இருக்கும். படம் வேறு ஒன்றைக் காட்டும். ஒவ்வொரு கோடும் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் கிளம்புகிறது. அது தொடுகோடு. பிடிப்பு விட்ட கணத்தில் துகளுக்கு எந்தத் திசையில் வேகம் இருந்ததோ அந்தத் திசையிலேயே அது போகிறது. வெளியே தள்ளும் விசை என்று எதுவும் இல்லை, உள்ளே இழுத்த விசை இல்லாமல் போனதுதான் நடந்தது. நியூட்டனின் முதல் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் பாடநூலில் இல்லை.

கிளம்பிய கோடு பிறகு கீழ்நோக்கி வளைகிறது, அது புவியீர்ப்பு. ஆனால் அந்த வளைவு முழுமையான பரவளையம் அல்ல. கரித்துகள் மிக லேசானது, காற்றின் தடை அதைச் சீக்கிரமே வேகமிழக்கச் செய்கிறது. கோட்டின் தொடக்கம் நேராக நீண்டும் முடிவு சட்டென்று தொங்கியும் இருப்பது அதனால்தான். நிறத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் மஞ்சள் கலந்த செம்மஞ்சள், நுனியில் அடர்சிவப்பு, பிறகு ஒன்றுமில்லை. துகள் குளிர்ந்து அணைந்த வரலாறு ஒரே கோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. நடுவழியில் இரண்டாகப் பிரியும் கோடு இருந்தால், துகள் அந்த இடத்தில் உடைந்தது என்று பொருள்.

வேகத்தையும் படத்திலிருந்தே அளக்கலாம். ஷட்டரை 10-இல் ஒரு விநாடிக்கு மட்டும் வைத்து எடுத்தால் முழு வட்டம் வராது, ஒரு வில்தான் வரும். அந்த வில்லின் கோணத்தை அளந்து 72 டிகிரி என்று வந்தால், ஒரு சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு 0.1 விநாடியில் முடிந்திருக்கிறது. ஆக விநாடிக்கு 2 சுற்று. கோணமானி ஒன்று போதும்.

கண்ணுக்கும் ஒரு ஷட்டர்

சுழலும் கொள்ளி வட்டமாகத் தெரிவதை மனிதர்கள் வெகுகாலமாகவே கவனித்திருக்கிறார்கள். வேதாந்த ஆசிரியர் கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையின் கடைசிப் பிரகரணத்துக்கு அலாதசாந்தி, அதாவது கொள்ளி அடங்குதல், என்று பெயர். கொள்ளியைச் சுழற்றும்போது தோன்றும் வடிவங்களையும், நிறுத்தியதும் அவை மறைவதையும் தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள உறவை விளக்க அவர் எடுத்துக்கொண்டார். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில், வேகமாகச் சுற்றும் தணல் ஏன் முழு வட்டமாகத் தெரிகிறது என்ற கேள்வியை எழுப்பினார். ஒளியின் உணர்வு கண்ணில் சற்று நேரம் தங்குவதே காரணம் என்பது அவர் கருத்து.

எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை 1765-இல் பிரான்சில் பாட்ரிக் தார்சி அளந்தார். இருட்டில் ஒரு தணலை இயந்திரத்தில் கட்டிச் சுழற்றி, எந்த வேகத்தில் வட்டம் இடைவெளி இல்லாமல் மூடுகிறது என்று பார்த்தார். விடை சுமார் 0.13 விநாடி. அவர் கையாண்ட கருவி ஏறக்குறைய நம் மாவளிதான்.

இந்த எண்ணை நம் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். விநாடிக்கு 2 சுற்று சுற்றும் மாவளி 0.13 விநாடியில் கால்வட்டத்தைச் சற்றே தாண்டும். நேரில் பார்ப்பவருக்குத் தெரிவது ஓடும் ஒரு தீ வால்தான். முழு வளையமும், அதைச் சூழ்ந்த நூற்றுக்கணக்கான பொறிக் கோடுகளும் ஒரே நேரத்தில் நிற்கும் காட்சியை எந்தக் கண்ணும் கண்டதில்லை. அது படத்தில் மட்டுமே இருக்கிறது. அதற்காக அதைப் பொய் என்று சொல்ல முடியாது. 15 விநாடியில் நடந்தது அத்தனையும் அதில் இருக்கிறது, எது முதலில் நடந்தது என்ற வரிசை மட்டும்தான் இல்லை.

வரிசையை இழந்து பாதையைப் பெறும் இந்தப் பேரத்தை அறிவியல் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது. எத்தியென் ஜூல் மாரேயும் ஜார்ஜ் தெமெனியும் 1889-இல் மனித உடலின் மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி நடக்கவிட்டு, அந்த ஒளிக்கோடுகளைப் படமெடுத்து நடையின் குறைபாடுகளை ஆராய்ந்தார்கள். 1914 வாக்கில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளர்களின் கைகளில் விளக்குப் பொருத்தி, எந்த அசைவு வீண் என்று பார்த்தார்கள். 1949-இல் புகைப்படக் கலைஞர் கியோன் மிலி, ஓவியர் பிகாசோ ஒளிவிளக்கால் இருட்டில் வரைந்ததைப் படமெடுத்தார். இன்று அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் டிராகன் என்ற பெயரில் ஒரு கருவி இருக்கிறது. காட்டுத்தீயில் பறந்து வருவதைப் போன்ற கங்குகளைப் பொழிந்து, அவை வீடுகளை எப்படிப் பற்ற வைக்கின்றன என்று அதைக் கொண்டு ஆராய்கிறார்கள். பறக்கும் கரித்துகளின் இயற்பியல் விளையாட்டோடு நின்றுவிடவில்லை.

துடிக்கும் தீயும் நிற்கும் தீயும்

சொக்கப்பனைக்கு வேறு கணக்கு. பெரிய தீ தொடர்ந்து ஒரே மாதிரி எரிவதில்லை, மூச்சு விடுகிறது. சூடான வாயு மேலெழும்பும்போது சுற்றியுள்ள காற்று அடியில் உள்ளே பாய்கிறது. இரண்டின் எல்லையில் சுழல் உருவாகி மேலேறி, சுடரைக் கழுத்தில் நெரித்து ஒரு துண்டை விடுவிக்கிறது. இந்தத் துடிப்பின் வேகத்துக்கு எளிய விதி உண்டு. தீயின் அடிவிட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால், விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று கிடைக்கும். 2 மீட்டர் அகலமான சொக்கப்பனை ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை மூச்சு விடும்.

ஷட்டர் நேரத்தை இதை வைத்தே முடிவு செய்யலாம். 1 விநாடிக்கு மேல் திறந்தால் ஒரு முழுத் துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, சுடரின் உருவம் கரைந்து, வழவழப்பான ஒரு மஞ்சள் தூண் மட்டும் மிஞ்சும். 500-இல் ஒரு விநாடியில் எடுத்தால் நாக்குகள் கத்திபோல உறைந்து நிற்கும். கால் விநாடி அளவில் சுடரின் அசைவும் தெரியும், உருவமும் கெடாது. மேலே பறக்கும் பனையோலைப் பொறிகள் நெளிந்த கோடுகளாக விழுந்து, தீயின் மேல் காற்று எப்படிக் கொந்தளிக்கிறது என்று வரைந்து காட்டும்.

அகல் சுடர், காற்றில்லாத மூலையில் அசையாமல் நிற்கும். அதில் நேரத்தைத் தாராளமாகக் கூட்டலாம். கிட்டப் போய்ப் பாருங்கள்: திரியை ஒட்டி மெல்லிய நீலம், அதற்கு மேல் மஞ்சள். நீலம், எரியும் வாயுவில் உள்ள கார்பன், ஹைட்ரஜன் மூலக்கூறு துணுக்குகள் உமிழும் ஒளி. மஞ்சள், எரியாத நுண்கரித் துகள்கள் கனலும் ஒளி. மஞ்சளுக்கு அளவு வைத்தால் நீலம் இருட்டில் போகும். இரண்டையும் காட்ட வேண்டுமானால் வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று படம் எடுத்துச் சேர்க்க வேண்டும்.

தாம்பரத்து இரவு

புறநகர் இரவு இருட்டாக இல்லை. ஜி.எஸ்.டி. சாலையின் எல்.இ.டி. விளக்குகள், கிளாம்பாக்கம் பேருந்து முனையம், நாற்புறமும் அடுக்குமாடிகள் என எல்லாம் சேர்ந்து வானத்தை வெளுக்க வைக்கின்றன. கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். தாழ்ந்த மேகம் இருந்தால் அந்த வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி வரும். தீபத்தன்று பௌர்ணமி நிலவு கிருத்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அருகே, நள்ளிரவில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். ஆனால் நிலவொளி சூரிய ஒளியில் 4 லட்சத்தில் ஒரு பங்குதான். நிலவை மட்டும் நம்பி எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100-இல் நிலப்பரப்பைப் படமெடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 15 விநாடியில் பின்னணி தெரிகிறது என்றால் அது தெருவிளக்கின் உபயம். விளக்குக் கம்பம் சட்டத்துக்குள் வராத இடமாகப் பார்த்து நிற்பது நல்லது.

நம் ஊர் வெக்கையும் ஒரு விஷயம். வெளிச்சமே இல்லாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் சிறிது மின்னோட்டம் ஊறும். சென்சாரின் வெப்பம் 6 முதல் 8 டிகிரி ஏறினால் அது இரட்டிக்கும். நீண்ட நேரப் படங்களில் அங்கங்கே தெரியும் சிவப்பு, நீலப் புள்ளிகள் அதனால் வருபவை. நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு என்ற வசதியைப் போட்டால், கேமரா அதே நேரத்துக்கு ஷட்டரை மூடியபடி இன்னொரு படம் எடுத்து அந்தப் புள்ளிகளைக் கழித்துவிடும்.

மொபைலில் எடுப்பவர்கள் நைட் மோடைத் தவிர்க்க வேண்டும். அது பல படங்களை எடுத்துச் சராசரி பார்க்கும். ஒரு படத்தில் மட்டும் வந்த பொறியைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடும். புரோ மோடில் ஐ.எஸ்.ஓ.வைக் குறைந்த அளவில் வைத்து, 4 முதல் 8 விநாடி ஷட்டர் போட்டு, மொபைலை அசையாத இடத்தில் நிறுத்தி, டைமரில் எடுக்கலாம்.

முதலில் தண்ணீர், பிறகு கேமரா

45 டிகிரி சாய்வில் கிளம்பும் பொறி, காற்றின் தடை இல்லாவிட்டால் 16 மீட்டர் போகும். காற்று அதைப் பெரும்பாலும் அதற்கு முன்பே அணைத்துவிடும் என்றாலும், பாதுகாப்பு எல்லையை அந்த அளவுக்கே வைப்பது அறிவு. ஓலைக் கூரை, காய்ந்த கோரை, நிறுத்திய வண்டி, வண்டலூர்க் காட்டின் ஓரம் ஆகிய எதுவும் அருகே இருக்கக் கூடாது. சுற்றுபவர் பருத்தி உடை உடுத்த வேண்டும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். ஒரு வாளித் தண்ணீரும் நனைத்த சாக்கும் கையருகே இருக்க வேண்டும். சிறுவர்கள் பெரியவர் இல்லாமல் சுற்றக் கூடாது. மாவளிக்குப் பதில் ஸ்டீல் உல் கொளுத்திச் சுற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. இரும்புப் பொறி கரிப் பொறியைவிட மிகச் சூடானது, உருகிய நிலையில் பறப்பது, விழுந்த இடத்தைச் சுடும், லென்ஸின் கண்ணாடியிலும் பதியும். ஊருக்குள் அது வேண்டாம்.

போகியன்று டயர் எரிவதைப் படமெடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 போகிப் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களைத் தாமதப்படுத்தின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒரு படத்துக்காக அந்தப் புகையை இன்னும் கூட்ட வேண்டியதில்லை.

புறநகர்ப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் கார்த்திகையில் பாதுகாப்பான ஒரு மைதானத்தில், பெரியவர் ஒருவர் மாவளி சுற்ற, இரண்டே படம் எடுங்கள். ஒன்று 10-இல் ஒரு விநாடியில், இன்னொன்று 15 விநாடியில். இரண்டையும் அச்சிட்டு, அளவுகோலும் கோணமானியும் கொடுத்து மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். சுழற்சி வேகமும், மையநோக்கு முடுக்கமும், தொடுகோடும், பொறியின் வளைவும் அந்த இரண்டு தாள்களிலேயே இருக்கின்றன. பள்ளியில் ஆய்வுக்கருவி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பனம்பூவும் ஒரு கேமராவும் போதும்.